வியாழக்கிழமை டாக்டர்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பல் தேய்க்கும்போது கீழுதட்டின் உள்பக்கம் ஏதோ நாக்கில் இடறியது. கண்ணாடி முன் நின்று உதட்டை மடக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. தொட்டால் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. லேசாக நீலம் பாரித்திருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் கடையில் காய்கறி ஏலம் கூவுவது என் தொழில். வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. இன்று முருங்கைக்காய் வரத்து அதிகம், விலை படுத்துவிட்டது. கூவும்போதெல்லாம் கட்டி பல்லில் உரசிக்கொண்டே இருந்தது.

ஜூன் 5, வியாழன்

மகுடேஸ்வரி கண்டுபிடித்துவிட்டாள். ரசம் சோற்றை நான் வாயின் ஒரு பக்கமாகவே ஒதுக்கி மெல்வதைப் பார்த்திருக்கிறாள். செல்போன் டார்ச்சை அடித்து, "ஆ காட்டுங்க" என்றாள். பார்த்த கையோடு அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"மச்சானுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டுமாங்க?"

மச்சான் என்றால் டாக்டர் சிவநேசன். திண்டுக்கல்லில் வாய், தாடை அறுவை சிகிச்சை செய்கிறவன். என் மனைவிக்கு அத்தை மகன், முறைமாப்பிள்ளை. வழக்கப்படி பார்த்தால் அவளைக் கட்டிக்கொள்ளும் உரிமை அவனுக்குத்தான் முதலில். அவன் படிக்கப் போனான், நான் கட்டிக்கொண்டேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. அவனுக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் என்ன? அவள் வாய் நிறைய அவன் 'மச்சான்'. நான் வெறும் 'ஏங்க'.

எனக்கு அவன் மேல் பொறாமை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவன் பேரைக் கேட்டால் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"போட்டோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தானாப் போயிரும்" என்றேன். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தேன். சரியாகக் கட்டி மேலேயே பல் பட்டது.

ஜூன் 6, வெள்ளி

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுங்க. ஆனா நீங்க முன்னாடி புகையில போட்டவரு. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டா நிம்மதி" என்றார். புகையிலை என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். விட்டு நாலைந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் போட்டது போட்டதுதானே.

"யாரப் பாக்கணும்மா?"

"வாய் ஆபரேஷன் பண்றவங்களத்தான். திண்டுக்கல்ல சிவநேசன்னு ஒருத்தரு இருக்காரு. கைராசிக்காரரு."

சீட்டிலும் அந்தப் பேரையே எழுதிக் கொடுத்தார். மார்க்கெட் வாசலில் அழுகிய தக்காளிக் குவியலில் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மகுடேஸ்வரி.

"தோல் டாக்டரப் பாக்கச் சொன்னாங்க."

"உதட்டுக்குள்ள இருக்கறது தோலா?"

"பின்ன, தகரமா?"

அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். இது புற்றாகவே இருந்தாலும் சரி, அவன் முன்னால் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளக்க மாட்டேன். அவன் மேலே நிற்பான், நான் கீழே கிடப்பேன். 'இவனைத்தானா கட்டிக்கொண்டாள்' என்று அவன் கண்ணில் ஓடும். அவளும் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவாள். அதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

எடை போடும் மாசிலாமணியிடம் மட்டும் ரகசியமாகக் கேட்டேன். பத்து நிமிஷத்தில் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. டீ குடிக்கும் நேரத்தில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. உதடு யாருக்குச் சொந்தம்? பல்லைத் தொட்டுக்கொண்டிருப்பதால் பல் டாக்டருக்குத்தான் என்றார் லாரிக்காரர். அப்படியானால் நாக்கும்கூடத்தான் பல்லைத் தொடுகிறது என்றான் மாசிலாமணி. காது மூக்கு தொண்டை டாக்டர் என்றால் அதில் வாய் எங்கே இருக்கிறது என்று ஒருவர். தொண்டைக்குப் போகிற வழியே வாய்தானே, வாசலை விட்டுவிட்டு வீட்டை மட்டுமா பார்ப்பார் என்று இன்னொருவர்.

கடைசியில் மாசிலாமணி சொன்னான். "எதுக்கு இவ்வளவு யோசனை? உங்க வீட்டம்மாவுக்கு மொறமாப்பிள்ள ஒருத்தரு இதே வேலையாத்தான திண்டுக்கல்ல இருக்காரு?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனேன். இன்று தக்காளியை அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டேன் என்று முதலாளி சத்தம் போட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

உடைந்துவிட்டது! இட்லி மெல்லும்போது பல் பட்டுக் கட்டி உடைந்து, கோந்து மாதிரி ஒரு நீர் வந்தது. உதடு சமமாகிவிட்டது. ஒரு டாக்டரும் வேண்டாம்.

ஜூன் 13, வெள்ளி

திரும்ப வந்துவிட்டது. முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

பழனியில் தோல் டாக்டர். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சுற்றிலும் படை, தேமல், முடி கொட்டுகிறவர்கள். அவர் உதட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்களே. வாய் சர்ஜன் யாரையாச்சும் பாருங்க. திண்டுக்கல்ல…"

"தெரியுங்க" என்று எழுந்துவிட்டேன். இந்த மாவட்டத்தில் வேறு டாக்டரே பிறக்கவில்லையா?

வீட்டில் களிம்பு கொடுத்தார் என்று சொன்னேன். "எங்க, காட்டுங்க" என்றாள். மருந்துக்கடையில் தீர்ந்துவிட்டது என்றேன். அவள் கண் வீங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கியிருப்பாள்.

ஜூன் 16, திங்கள்

மதியம் வீட்டுக்கு வந்தபோது அவள் கொல்லைப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில் பேசினாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

"யாரு?"

"தாரணி." எங்கள் மகள். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் பிளஸ் டூ படிக்கிறாள்.

ஹாஸ்டலில் மதியத்தில் போன் கொடுப்பார்களா? கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். எரிந்தது.

சாப்பிடும்போது எங்கள் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. முறைமாப்பிள்ளை இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுத்தால், அவனுக்குத் தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துச் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் தாலி கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். நான் தட்டோடு மண்டபத்தில் நின்றேன். அவன் வரவில்லை. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் அவனுடைய அப்பா வந்து வாங்கிக்கொண்டார். மணவறையில் இவள் தலை நிமிரவே இல்லை. வெட்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் தட்டோடு நின்றவன், எனக்குத் தெரியாதா? அவன் மனசு கேட்காமல்தான் வராமல் இருந்தான். அவன் சம்மதம் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

அப்படியானால் இவள் மனசு? இந்தக் கேள்வியைப் பதினெட்டு வருஷமாக நான் யாரிடமும் கேட்டதில்லை. இங்கேகூட இன்றுதான் எழுதுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

உடுமலைக்குப் போனேன். அங்கே காது மூக்கு தொண்டைக்கு ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார். அவர் தன்மையாகப் பேசினார். "நானே எடுக்கலாம். ஆனா இதுக்குன்னே படிச்சவங்க எடுத்தா தையல் தெரியாது. நம்ம ஆஸ்பத்திரிக்கே வியாழக்கிழமை ஒருத்தரு வர்றாரு. அவரப் பாத்துருங்க."

அந்த 'ஒருத்தரு' அவனாக இருந்துவிட்டால்? வெளியே வந்து சீட்டு எழுதும் பெண்ணிடம் விசாரித்தேன்.

"அந்த டாக்டரு பேரு என்னம்மா?"

"நாங்க வியாழக்கிழம டாக்டருன்னுதாங்க சொல்லுவோம். செவ்வாய்க்கிழம டாக்டரு எலும்புக்கு, வெள்ளிக்கிழம டாக்டரு கிட்னிக்கு."

"திண்டுக்கல்காரரா?"

"இல்லீங்க, கோயம்புத்தூர் காலேஜுல பாடம் எடுத்துட்டு அப்படியே கார்ல வருவாரு."

வயிற்றில் பால் வார்த்தது. கோயம்புத்தூர்க்காரர், அதுவும் வாத்தியார். வயசானவராக இருப்பார். வியாழன் நாலு மணிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் 19, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கதவைத் திறந்து உள்ளே போனால் சுழல் நாற்காலியில் அவன். சிவநேசன். வியாழக்கிழமைகளில் கோயம்புத்தூரில் பாடம் எடுக்கிறானாம், திரும்பும் வழியில் இங்கே இறங்கி நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திண்டுக்கல் போகிறானாம். அவனைத் தவிர்க்க இரண்டு பஸ் மாறி, அவன் வாசலுக்கே போய் நின்றிருக்கிறேன்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "அண்ணே! வாங்கண்ணே! என்ன இங்க?"

அவன் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவளுக்கு அவன் முறை என்றால் எனக்கு அவன் தம்பி முறை. இந்த முறைகளை வகுத்தவன் கையில் கிடைத்தால் கேட்பேன்.

"சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றேன். கையில் டோக்கன் இருந்தது.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பக்கத்துலயே நான் இருக்கேன். ஒரு போன் பண்ணியிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேனே. என் மேல ஏதும் கோவமாண்ணே?"

அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் போட்டோவும் அனுப்பவில்லை, போனும் செய்யவில்லை. அதைத் தெரிந்துகொண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை.

நாற்காலியில் சாய்த்தான். கையுறை போட்ட விரலால் உதட்டை மடக்கி விளக்கை இழுத்தான்.

"பயப்பட ஒண்ணுமில்லண்ணே. உதட்டுக்குள்ள குட்டி குட்டியா எச்சில் சுரப்பி நெறைய இருக்கும். அதுல ஒண்ணு கடிபட்டுக் கிழிஞ்சிருக்கு. எச்சில் வெளிய வர வழியில்லாம உள்ளயே தேங்கிருது. அதான் ஒடையுது, மறுபடி வருது. சுரப்பியோட எடுத்துட்டா போயிரும். டெஸ்டுக்கும் அனுப்பிருவோம். இந்த எடத்துல கடிக்கிற பழக்கம் உண்டா?"

வாய்க்குள் அவன் விரல். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நல்லா யோசிங்க. ஏதாச்சும் டென்ஷன் ஆனா கடிப்பீங்களா?"

இல்லவே இல்லை என்று மறுபடி ஆட்டினேன்.

"சரி. ஈஸுக்குத் தெரியுமா நீங்க வந்தது?"

ஈஸு! நானே அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஆ!" என்று அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளினான். நர்ஸ் ஓடி வந்தாள். கையுறையில் என் பல் பதிந்திருந்தது.

விரலை ஊதிக்கொண்டே சொன்னான். "இதத்தாண்ணே கேட்டேன். இப்பக் கடிச்சீங்க பாருங்க, இதத்தான்."

ஜூன் 20, வெள்ளி

வேறு வழியில்லை, மகுடேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரலைக் கடித்ததைச் சொன்னபோது சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாக மாறியது.

"ரெண்டு வாரமா எனக்கு வயித்துல நெருப்பு. டாக்டரம்மாவ நான் அன்னைக்கே போய்ப் பாத்துக் கேட்டுட்டேன். புகையில போட்டவரு, சீக்கிரம் எடுக்கணும்னு சொன்னாங்க. நீங்க தோலு, தொண்டைன்னு ஊர் ஊராச் சுத்துறீங்க. யார்கிட்டச் சொல்லுவேன்? தாரணிகிட்டத்தான் அழுதேன். அவதான் வார்டன்கிட்டக் கெஞ்சி மதியத்துல போன் பண்ணுனா."

"மச்சான்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன். இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"சொன்னா நீங்க அங்க போகவே மாட்டீங்கன்னுதான் சொல்லல." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வர்ற வாரம் திண்டுக்கல் போறோம். பேச்சுக்கே எடமில்ல."

ஜூன் 26, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. திண்டுக்கல்லில் அவனுடைய கிளினிக்கில். எனக்காகக் கோயம்புத்தூரையும் உடுமலையையும் இன்று தள்ளி வைத்திருக்கிறான். மூன்று நாள் பேசக்கூடாது என்று உத்தரவு.

நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. மல்லாந்து கிடந்தேன். தலைக்கு மேலே ஒரு பக்கம் அவன் முகம், மறு பக்கம் அவள் முகம். நான் வெளியே இருக்கச் சொன்னதற்கு, "பிடிக்க ஆள் வேணும், மறுபடி கடிச்சுட்டீங்கன்னா?" என்று உள்ளேயே நின்றுவிட்டாள். ஊசி போட்டதில் உதடு மரத்துவிட்டது. கண் மரக்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவையாவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அந்தப் பார்வையைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தைக்கும்போது அவன்தான் பேச்சை எடுத்தான். "உங்க கல்யாணத்துக்கு வர முடியாமப் போனது எனக்கு இன்னமும் கொறதாண்ணே. அன்னைக்குக் காலேஜுல பரீட்ச."

"முகூர்த்த நாள்லயா வப்பாங்க?" என்றாள் அவள், பஞ்சை எடுத்துக் கொடுத்துக்கொண்டே.

"அரியர்ஸ். ரெண்டு பாடம் ஊத்திக்கிச்சு. வீட்ல தெரிஞ்சா அப்பா தோல உரிச்சிருப்பாரு. அதான் யார்கிட்டயும் சொல்லல. மறுபடியும் ஒண்ணு போச்சு."

மனசு கேட்காமல் வராதவன் என்று நான் வைத்திருந்த ஆள், பரீட்சையில் பெயிலாகிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிரிக்கவும் முடியாது, உதட்டில் ஊசி நிற்கிறது. அந்த நேரம் அவன் நூலைக் கொஞ்சம் இழுத்துவிட்டான் போல, ரத்தம் வந்தது.

"மெதுவா மச்சான்!" என்று ஒரு அதட்டல் போட்டாள். நர்ஸ் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது. "சாக்கா தைக்கிறீங்க?"

அவன் "சரி ஈஸு, சரி" என்று குனிந்துகொண்டான். நான் கடிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

கஞ்சி. பேச்சு இல்லை. எனக்குப் பதிலாக மாசிலாமணி ஏலம் கூவினானாம், புடலங்காய்க்கு என்னைவிட நல்ல விலை வந்ததாம். இருக்கட்டும்.

மதியம் கஞ்சியை ஆற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்னால் எழுதி நீட்டினேன். 'அவனையே கட்டியிருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?'

படித்தாள். மடித்து வைத்தாள். சிரிப்பாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"தோணியிருக்கு" என்றாள்.

மடித்த தாளை எடுத்துப் பிரித்து, நான் எழுதியது சரிதானா என்று பார்த்தேன்.

"அவரு பேர யாராச்சும் எடுத்தா நீங்க மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போவீங்கல்ல, நாள் முழுக்கப் பேச மாட்டீங்கல்ல, அப்பல்லாம் தோணும். இந்த மூஞ்சியப் பாக்கறதுக்கு அவரையே கட்டியிருக்கலாம்னு. மத்த நேரத்துல எனக்கு அவரு ஞாபகமே வராதுங்க. நீங்கதான் ஞாபகப்படுத்துறீங்க. அவரு அவரு வீட்ல பொண்டாட்டி பிள்ளையோட இருக்காரு. பதினெட்டு வருஷமா இந்த வீட்டுக்குள்ள அவரக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கறது நீங்க."

கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எழுதிக் காட்ட வேறு தாள் கிழிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

தனியாகவே போய்த் தையல் பிரித்துக்கொண்டு வந்தேன். டெஸ்ட் முடிவும் வந்துவிட்டது. புற்று கிற்று ஒன்றும் இல்லை. முதலில் அவளுக்குத்தான் போன் செய்தேன். "சரி" என்றாள். போனை வைக்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சிவநேசன் வாசல்வரை வந்தான். கிளம்பும்போது என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "ஞாயித்துக்கிழம எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வாங்க தம்பி."

அவன் கண் கலங்கிவிட்டது. "கண்டிப்பா வர்றேண்ணே."

வீட்டில் வந்து சொன்னபோது மகுடேஸ்வரி, "எதுக்கு?" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

மனைவி பிள்ளைகள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம், தனியாகத்தான் வந்தான். கோழிக்குழம்பு, ரசம், முட்டை. நானே இலை போட்டு உட்கார வைத்தேன். அவனை அவளுக்கு எதிரிலேயே உட்கார வைத்தேன். பார்ப்பதானால் நன்றாகப் பார்த்துவிடுவோம் என்றுதான். பழைய புத்தி லேசில் போகுமா?

அவன் வேர் சிகிச்சையில் ஆரம்பித்தான். பல்லின் வேரில் எத்தனை கால்வாய், அதில் எது கோணலாகப் போகும் என்று விரலை வளைத்துக் காட்டினான். ரசத்துக்கு வரும்போது செயற்கைப் பல்லுக்கு வந்திருந்தான். எந்த நாட்டுத் திருகு நல்லது, எது எலும்பில் பிடிக்காது என்று சொன்னான். மோருக்கு அப்புறம் கடைவாய்ப் பல். நல்ல மனுஷன், மனசில் ஒன்றும் இல்லாதவன். ஆனால் பேச்சுக்கு முற்றுப்புள்ளியே இல்லை.

மகுடேஸ்வரி முதல் கொட்டாவியை முந்தானையால் மறைத்தாள். இரண்டாவதை மறைக்கவில்லை. மூன்றாவதுக்கு எனக்கு உள்நாக்குவரை தெரிந்தது. அப்புறம் துணி காய்கிறது என்று கொல்லைக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. நான்தான் உட்கார்ந்து ஈறு வீக்கம் பற்றி முழுவதும் கேட்டேன்.

அவனைக் கார்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அவள் வாசல்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த தடவ அவரக் கூப்புடறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கூப்புடுங்க. ரெண்டு மணி நேரமாப் பல்லு, பல்லு, பல்லு. எனக்குத் தலவலியே வந்துருச்சு."

"சின்ன வயசுலயும் இப்படித்தான் பேசுவாரா?"

"அப்பப் பல்லு இல்ல. கிரிக்கெட்டு."

அவளுக்குத் தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டேன். அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாவம், அவளுக்கு இரண்டு மணி நேரமே தாங்கவில்லை. நான் அவனோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.